ஈயம்னா எந்த ஈயம்?

சால்டரிங் பத்தி ஒரு பதிவு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன். சோம்பேறித்தனம். கடைசியில எழுத வச்சது என் பொண்ணோட பல்லு.

ஆமாங்க, பல்லுதான். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. நெருள்ல மழை விடாம கொட்டிக்கிட்டிருந்த நாள். பொண்ணு ஆறாவது படிக்கிறா. பள்ளிக்கூட கண்காட்சிக்கு "இருட்டானா தானா எரியுற விளக்கு" செய்யணுமாம். ஒரு எல்.டி.ஆர், ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர், ரெண்டு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி, ஒன்பது வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான் சமாச்சாரம். "நானே பத்த வைக்கிறேம்பா"ன்னு அயர்னை வாங்கிக்கிட்டா. அப்பனுக்கும் பெருமை தாங்கல. டீ எடுத்துட்டு வரலாம்னு உள்ள போயிட்டுத் திரும்பி வந்து பார்த்தா, வலது கையில அயர்ன், இடது கையில எல்.இ.டி, பல்லுக்கு நடுவுல சால்டர் கம்பி!

"ஏய், வாயிலேர்ந்து எடு!"ன்னு கத்திட்டேன்.

அவ சாதாரணமா கேட்டா: "நீ அப்படித்தானே வெச்சுப்ப?"

பதில் இல்ல. உண்மைதானே. இருபது வருஷமா என் மூணாவது கை என் பல்லுதான். தென்காசியில டிப்ளமோ படிக்கும்போது ஆரம்பிச்ச பழக்கம். எங்க தெரு ரேடியோ கடை அண்ணாச்சியும் அப்படித்தான் கடிச்சுக்கிட்டு வேலை பார்ப்பார். அவரைப் பார்த்து நான், என்னைப் பார்த்து இவ. ஒருத்தரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. தானா மூணு தலைமுறைக்கு வந்து சேர்ந்துடுச்சு.

நான் கத்துனதைக் கேட்டு அத்தை (மாமியார்தான், கும்பகோணத்துலேர்ந்து வந்திருக்காங்க) வெளிய வந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். "ஈயம்தானே மாப்பிள்ளை? இதுக்கா குழந்தைய இப்படி வெரட்டுறீங்க? நாங்க பரம்பரையா ஈயச்சொம்புல ரசம் வெச்சுதானே சாப்பிடுறோம், என்ன ஆயிடுச்சு?"ன்னாங்க.

தங்கமணி உடனே கட்சி மாறிட்டாங்க. "அப்படின்னா அந்தச் சொம்பையும் தூக்கிப் போடணுமா?"

இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் சொல்லப் போய்த்தான் எனக்கே ஒரு விஷயம் தெளிவாச்சு. சால்டர் பத்தி நம்ம ஆளுங்க பண்ற தப்புல பாதி, ஈயம்ங்கிற ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு உலோகம் ஒளிஞ்சிருக்கிறதாலதான் வருது.

வெள்ளீயம் வேற, காரீயம் வேற. ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குள்ள பூசுறதும் வெள்ளீயம். பழைய வண்டி பேட்டரிக்குள்ள இருக்கிறது, மீன் வலையில குண்டா கட்டுறது எல்லாம் காரீயம். வெள்ளீயம் வயித்துக்குள்ள போனாலும் உடம்பு அதிகம் உறிஞ்சாது. காரீயத்தை உடம்பு கால்சியம்னு ஏமாந்து எலும்புல சேர்த்து வச்சுக்கும், வருஷக்கணக்கா. பேருல மட்டும்தான் ரெண்டும் பங்காளி.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்ல. பழைய ரோமானியர்களும் காரீயத்தைக் கறுப்பு பிளம்பம்னும் வெள்ளீயத்தை வெள்ளை பிளம்பம்னும்தான் சொன்னாங்க. அப்படியே நம்ம காரீயம், வெள்ளீயம் மாதிரியே. பென்சில் கதை இன்னும் வேடிக்கை. காரீயப் பென்சில்னு சொல்றோமே, அதுக்குள்ள காரீயமே கிடையாது. கிராஃபைட்டும் களிமண்ணும்தான். பென்சில் கடிக்கிற பிள்ளைய அடிக்கிறோம், சால்டர் கடிக்கிற அப்பனை விட்டுடுறோம் :)

சால்டர்ல என்ன இருக்கு? ரெண்டும் இருக்கு. அதான் சிக்கலே. சென்னை ரிச்சி தெருவுல போய் "சால்டரிங் லெட் குடுங்க"ன்னு கேட்போம். லெட்னா காரீயம். இங்க மும்பையில, கிராண்ட் ரோடு பக்கம் லாமிங்டன் ரோட்டுல அதே சுருளை "ராங்கா"ன்னு கேட்கணும். இந்தியில ராங்கான்னா வெள்ளீயம். ஒரே கம்பி. அங்க பாதிப் பேர், இங்க மீதிப் பேர். ரெண்டு ஊர்லயும் முழுப் பேர் சுருள் மேல ஒட்டியிருக்கிற சின்ன லேபிள்லதான் இருக்கு. அதை நாம யாரும் படிக்கிறதில்ல.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கடையில பேரைக் கேட்காதீங்க, எண்ணைக் கேளுங்க. அந்த எண்ணை யாரு கை தொடப் போகுதுன்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

எண் எதுக்கு? ஒரு சின்ன கணக்கு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ்ல உருகும். (ஈயச்சொம்பை வெறும் சொம்பா அடுப்புல வச்சுட்டு போன் பேசப் போனவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ரசம் இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, சொம்பு பிழைக்கும்.) காரீயம் உருக 327 டிகிரி வேணும். ஆனா ரெண்டையும் 63-க்கு 37-னு கலந்தா 183 டிகிரியிலயே உருகிடும்! ரெண்டு பேருக்கும் கீழ. உருகுன குழம்பு ஆறும்போது ஒரு உலோகம் படிகமா உறையப் பார்த்தா இன்னொண்ணு குறுக்க நிக்கும். அதனால ரொம்பக் கீழ இறங்கித்தான் ரெண்டும் சேர்ந்து உறையும்.

63/37-க்கு இன்னொரு குணம் உண்டு. திரவம், அடுத்த நொடி கெட்டி. நடுவுல பாகுப் பதமே கிடையாது. 60/40 எடுத்தீங்கன்னா 183-லேர்ந்து 190 வரைக்கும் கொஞ்சம் பாகா நிக்கும். அது பரவாயில்ல. 40/60 எடுத்தா, அதாவது காரீயம் அதிகம், முழுசா உருக 238 வரைக்கும் ஏறணும். ஆறும்போது அந்த 183 வரைக்கும் பாகாவே இருக்கும். அந்த நேரத்துல கை லேசா ஆடினா போச்சு. மேல பார்த்தா ஒட்டின மாதிரி இருக்கும், உள்ள விரிசல் விட்டிருக்கும். இதைத்தான் கோல்டு ஜாயின்ட்னு சொல்றோம். விளக்கு எரியாது. தட்டினா எரியும். கண்காட்சியில டீச்சர் வந்து நிக்கும்போது கண்டிப்பா எரியாது.

இங்கதான் எனக்கு வருத்தம். எத்தனையோ பசங்க முதல் போர்டுலயே "நமக்குக் கை வராது"ன்னு விட்டுடுறாங்க. என் சித்தப்பா பையன் ஒருத்தன் அப்படித்தான் விட்டான். பின்னாடி அவன் வச்சிருந்த சுருளைப் பார்த்தேன். லேபிள்ல எண்ணே கிடையாது. என் அயர்ன்ல தொட்டுப் பார்த்தேன், கஞ்சி மாதிரி இழுத்துக்கிட்டு நின்னுது. பையன் கையில தப்பே இல்ல.

எண் போடாத மலிவுச் சுருள்ல ஏன் காரீயம் அதிகமா இருக்கும்? வெள்ளீயம் காரீயத்தை விடப் பத்து மடங்குக்கு மேல விலை. விலையைக் குறைக்கணும்னா எதைக் குறைப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க. ஆக மலிவுச் சுருள் ரெண்டு வகையில அடிக்கும். ஒட்டவும் ஒட்டாது, விஷமும் கூட. பத்து இருபது ரூபா மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்ல.

எண்ணுக்கு அடுத்து பார்க்க வேண்டியது கம்பியோட நடுவுல இருக்கிற ஃப்ளக்ஸ். நமக்கு வேண்டியது ரோசின், பைன் மரத்துப் பிசின். செம்பு மேல படிஞ்சிருக்கிற ஆக்சைடைத் தின்னுட்டு ஈயத்துக்கு வழி விடும். ஈயம் பூச வர்றவர் (இங்க கலாய்வாலா) சூடான பாத்திரத்துல நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பாரே, அதே வேலைதான். ஆனா நவச்சாரம், ஆசிட் ஃப்ளக்ஸ் இதெல்லாம் போர்டுக்கு ஆகாது. பாத்திரத்தைக் கழுவிடுறோம். போர்டைக் கழுவுறதில்ல. மிச்சம் இருக்கிற உப்பு ஈரத்தை இழுத்து செம்புக் கோட்டை மெல்ல அரிச்சுடும். நெருள் மழைக்காலத்துக்கு அது போதும், பச்சை பூத்துடும். குழாய் வேலைக்காரங்க வாங்குற டப்பா பேஸ்டைப் போர்டுக்கு வாங்காதீங்க.

தடிமன்: கடையில கேஜ் கணக்குல சொல்லுவாங்க. 22 கேஜ்னா ஏறக்குறைய 0.7 மி.மீ. நம்ம மாதிரி சின்ன போர்டு வேலைக்கு அதுவே தோது. 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ., தடி ஒயரை ஒட்டத்தான் சரி. போர்டுல வச்சா ரெண்டு காலுக்கு நடுவுல பாலம் கட்டிடும்.

சரி, பல்லு விஷயத்துக்கு வருவோம். நிறைய பேர் புகையைப் பார்த்துப் பயப்படுறாங்க. "ஈயப் புகை நுரையீரலுக்குப் போகுது"ம்பாங்க. 350 டிகிரி அயர்ன்ல காரீயம் சொல்லிக்கிற அளவுக்கு ஆவியாகாது. அது கொதிக்கவே 1,749 டிகிரி வேணும். நீங்க பார்க்கிறது ரோசின் புகை. அதுவும் நல்லதில்ல, தொடர்ந்து சுவாசிச்சா ஆஸ்துமா வரலாம்னு தொழிற்சாலை அனுபவத்துல தெரிஞ்ச விஷயம். ஜன்னலைத் திறந்து, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணை வச்சு வெளிய இழுத்து விடுங்க. ஆனா காரீயம் மூக்கு வழியா வர்றதில்ல. கை வழியா வாய்க்கு வருது. கம்பியைத் தொட்ட விரல்ல சாம்பல் கலர்ல ஒட்டும் பாருங்க, அது. அந்தக் கையோட முறுக்கு சாப்பிடுறது. மேசையில சிதறின உருண்டையைச் சின்னக் குழந்தை பொறுக்குறது. எல்லாத்துக்கும் மேல, நேரா பல்லுல கடிக்கிறது. நான் புகைக்குப் பயந்து தலையைத் திருப்பிக்கிட்டே கம்பியைக் கடிச்சுக்கிட்டிருந்தவன். என் அறிவை என்ன சொல்ல!

பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் இதுல ஒரே கணக்கு கிடையாது. வயித்துக்குள்ள போன அதே அளவு காரீயத்துல குழந்தை உடம்பு பெரியவங்களை விட 4-5 மடங்கு அதிகமா உறிஞ்சும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இரும்புச் சத்தும் கால்சியமும் குறைவா இருந்தா இன்னும் அதிகம். அது தாக்குறது வளர்ற மூளையை. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு பாதுகாப்பான அளவு ஒண்ணு இதுவரைக்கும் தெரியலைன்னும் அதே நிறுவனம் சொல்லுது. 2020-ல யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்துல மூணு குழந்தையில ஒண்ணுக்கு ரத்தத்துல காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருக்கலாம். 80 கோடி குழந்தைங்க வரைக்கும். இது சால்டரால வந்ததுன்னு சொல்லல. பழைய பேட்டரி உருக்குறது, பெயின்ட், கலப்பட மசாலான்னு பல வழி இருக்கு. ஏற்கெனவே இத்தனை வழியா வர்றதுக்கு நம்ம பங்குக்கு ஒரு வழியை வீட்டு மேசையில திறந்து விடணுமாங்கிறதுதான் கேள்வி.

தங்கமணி விடல. மறுநாளே மூணு பேருக்கும் ரத்தப் பரிசோதனை. பொண்ணுக்கு அந்த 5-க்கு நல்லாக் கீழ. எனக்கு அவளை விடக் கொஞ்சம் அதிகம், டாக்டர் "பயப்பட ஒண்ணுமில்ல, கடிக்கிறதை நிறுத்துங்க"ன்னு சிரிச்சார். ரிசல்ட் வர்ற வரைக்கும் ரெண்டு நாள் தூங்கினேன்னு சொன்னா பொய். அந்த ரெண்டு நாள்ல எடுத்த முடிவுதான் இது: குழந்தை உட்கார்ற மேசையில காரீயம் கலந்த சால்டர் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை கிளம்பினேன். நெருள்லேர்ந்து ஹார்பர் லைன்ல குர்லா, மாறி தாதர், மறுபடி மாறி கிராண்ட் ரோடு. லாமிங்டன் ரோட்டுல "லெட் ஃப்ரீ" சுருள் கேட்டேன். ரெண்டு வகை காட்டினாங்க. ஒண்ணு வெள்ளீயம் 99.3, செம்பு 0.7. இது 227 டிகிரியில உருகும். இன்னொண்ணு எஸ்.ஏ.சி.305: வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5. இது 217-லேர்ந்து 220-க்குள்ள உருகும். வெள்ளி இருக்கிறதால விலை கூட. நான் செம்பு கலந்ததை, சின்னச் சுருளா, வாங்கிட்டு வந்தேன். பொண்ணு செய்யப் போற விளக்குக்கு அது போதும்.

ஒட்டுறது சுலபம்னு பொய் சொல்ல மாட்டேன். சூடு இருபது முப்பது டிகிரி ஏத்தணும். பரவுறதுக்கு ஒரு நொடி கூட எடுக்கும். ஒட்டின இடம் கண்ணாடி மாதிரி மின்னாது, மங்கலா நிக்கும். "ஏம்பா பளபளன்னு இல்ல?"ன்னு கேட்டா. பழைய கண்ணுக்கு அது கோல்டு ஜாயின்ட் மாதிரிதான் தெரியும். மினுமினுப்பைப் பார்க்காதே, ஓரத்தைப் பாருன்னு சொன்னேன். ஈயம் காலைச் சுத்தி மேல ஏறி, தட்டுல சரிஞ்சு பரவியிருந்தா நல்ல ஜாயின்ட். உருண்டையா நின்னா ஒட்டல. அயர்ன் முனையும் சீக்கிரம் தேயும், வெள்ளீயம் இரும்பு பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுடும். வேலை முடிஞ்சதும் முனையில கொஞ்சம் ஈயம் பூசி வைக்கணும். நாலாவது ஜாயின்ட்லயே அவளுக்குக் கை வந்துடுச்சு. எனக்குத்தான் ஒன்பது பத்து ஆச்சு, பழைய பழக்கம்.

ஆபீஸ்ல நண்பர் ஒருத்தர் சண்டைக்கு வந்தார். "லெட் ஃப்ரீ எல்லாம் ஐரோப்பாக்காரன் கட்டிவிட்டது. வெள்ளீயத்துல மீசை முளைக்கும் தெரியுமா?" தெரியும். காரீயம் இல்லாத வெள்ளீயப் பூச்சுல மயிரிழை மாதிரி ஊசி முளைச்சு ஷார்ட் ஆகுறது நிஜம்தான். விண்வெளிக் கருவிகள்ல இன்னும் காரீயம் கலந்த சால்டரை விடாம வச்சிருக்கிறதுக்கு அது ஒரு காரணம். ஆனா என் பொண்ணு செய்யுறது சாட்டிலைட் இல்லையே சார். ஐரோப்பா 2006 ஜூலை 1-லேர்ந்து விக்கிற எலெக்ட்ரானிக் பொருள்ல காரீயத்துக்கு 0.1 சதவீதம்னு வரம்பு வச்சது. நம்ம நாட்டு மின்கழிவு விதிகள்லயும் (2011-ல வந்தது, இப்ப 2022 விதிகள் அமல்ல இருக்கு) அதே வரம்புதான். சில விதிவிலக்கு போக, கடையில வாங்குற டி.வி, போன் எல்லாம் இந்தக் கணக்குலதான் வருது. நம்ம வீட்டு விளக்கு மட்டும் முடியாதுன்னா எப்படி?

அதுக்காக நான் 63/37 சுருளைத் தூக்கி எறியல. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் பழைய ரேடியோவைப் பிரிக்கிறப்போ அதுதான் என் கைக்குப் பழக்கம். பழைய போர்டுல ஏற்கெனவே காரீயம்தான் இருக்கு. பெரியவன், தெரிஞ்சு தொடுறேன். ஆனா கட்டுப்பாடு வச்சிருக்கேன். அயர்ன் முனையும் ஸ்பாஞ்சும் தனி. சாப்பாட்டு மேசை கிடையாது, பால்கனி பலகை. முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுறது. பல்லு கிடையவே கிடையாது, அதுக்குப் பதிலா முதலைக் கிளிப் வச்ச ஸ்டாண்டு ஒண்ணு வாங்கியாச்சு.

இன்னொண்ணு. உதிர்ந்த உருண்டை, துடைச்ச ஸ்பாஞ்சு, சக்கர்ல சேர்ந்த தூள் எல்லாம் முன்னாடி குப்பைக் கூடைக்குத்தான் போகும். இப்ப மூடி போட்ட டப்பாவுல சேர்க்குறேன், மின்கழிவு எடுக்கிறவங்ககிட்டதான் குடுப்பேன். குப்பைன்னா அதை யாரோ ஒருத்தர் கையால பிரிப்பாங்க. ஹார்பர் லைன்ல போறவங்களுக்குத் தெரியும், இந்த ஊரோட பங்கார் எல்லாம் குர்லா, தாராவின்னு நம்ம ஜனங்க வாழ்ற சந்துலதான் வந்து இறங்குது. அங்கயும் பொறுக்கி வாயில வைக்கிற வயசுல பிள்ளைங்க இருக்கு. என் வீட்டு மேசையைச் சுத்தம் பண்ணிட்டு அவங்க வாசல்ல கொட்டினா அது நியாயம் ஆகாது.

அத்தைக்கு முழுசாச் சொல்லிப் புரிய வச்சேன். "அப்ப என் சொம்பு நல்லதுதானே மாப்பிள்ளை?"ன்னாங்க. சுத்த வெள்ளீயமா இருந்தா நல்லதுதான் அத்தை, விலை மலிவா சொன்னாங்கன்னா மட்டும் சந்தேகப்படுங்கன்னேன். "அது எங்க அம்மா சீரா குடுத்தது, மலிவா?"ன்னு ஒரு முறை முறைச்சாங்க. அன்னிக்கு ராத்திரி அந்தச் சொம்புலதான் ரசம்.

கண்காட்சியில விளக்கு எரிஞ்சுது. கையால எல்.டி.ஆரை மூடினா எரியும், எடுத்தா அணையும். ஜாயின்ட் எல்லாம் மங்கல்தான். டீச்சர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துட்டு "யாரு சால்டர் பண்ணது?"ன்னு கேட்டாங்களாம். "நானே"ன்னு சொன்னாளாம்.

ஊர்ல அந்த ரேடியோ கடை அண்ணாச்சி இப்ப இல்ல. இருந்திருந்தா முதல்ல அவர்கிட்டதான் போய்ச் சொல்லியிருப்பேன். இப்ப உங்ககிட்ட சொல்றேன். உங்க வீட்டுல ஒரு சுருள் கிடக்கும். எடுத்து லேபிளைப் பாருங்க. எண் என்ன போட்டிருக்கு? அதை உங்க வீட்டுல கடைசியாத் தொட்டது யாரு?

பி.கு.: இன்னும் பல்லுல கடிச்சுக்கிட்டு வேலை பார்க்கிறவங்க கை தூக்குங்க. திட்ட மாட்டேன். நானும் அந்தக் கூட்டம்தான், போன மாசம் வரைக்கும்.